பருத்திக்குள் ஒரு பாட்டு

போன் ஒலித்தது.

கிணுகிணுவென்று... முழுச் சத்தத்தில்... விடிந்தும் விடியாத அந்த வேளையில்.

அந்த வீட்டில் போன் ஒலிக்கக் கூடாது!

காசிராஜன் பாயிலிருந்து எழுந்தார். அறுபத்தெட்டு வயது. படுக்கையிலிருந்து எழும்போதுகூட முதுகு வளையாத மனிதர். நேராக இளைய மகள் சுடலைச்செல்வியின் அறைக்கு நடந்தார். கதவைத் தள்ளினார்.

செல்வி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் அகலத் திறந்திருந்தன. ஒரு கை நெஞ்சின் மேல்.

"அப்பா..."

அவ்வளவுதான். பக்கவாட்டில் சரிந்தாள்.

மூச்சு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார்.

இல்லை.

அதற்குப் பிறகுதான் தலையணையைத் தூக்கினார். அடியில் ஒரு பட்டன் போன், வெளிச்சம் காட்டி அலறிக் கொண்டிருந்தது. புத்தம் புதிது.

அடுத்த வாரம் தாலி ஏற வேண்டிய பெண்ணின் தலையணைக்கு அடியில்... அப்பனுக்குத் தெரியாமல் ஒரு போன்!

அகப்பட்ட பட்டன்களையெல்லாம் அழுத்தினார். பாட்டு நின்றது. போனைத் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக் கொண்டார். வேட்டியைச் சரி செய்தார். அதன் பிறகு மூத்த மகளைக் கூப்பிட்டார்.

"வள்ளி... தங்கச்சி போயிட்டா தாயி."

அவர் குரல் உயரவில்லை. அந்த வீட்டில் எவர் குரலும் உயர்ந்தது கிடையாது.

* * *

பசுவந்தனைக்குப் பக்கத்தில் கரிசல் சூழ்ந்த சின்ன ஊர் அது. காசிராஜன் குடும்பத்துக்குத் தனியாக ஒரு குலசாமி. ஓடைக்கரையில் கோயில்.

அந்தக் கோயிலில் மணி இல்லை.

கொடைத் திருவிழா நடக்கும்... மேளம் இருக்காது. பொங்கல் பொங்கும்... குலவை இருக்காது. வேட்டு என்ற பேச்சே இல்லை. சத்தம் பொறுக்காத சாமி என்று ஊர் சொல்லும்.

வீட்டிலும் அதே சட்டம். காலிங் பெல் கிடையாது. விசில் அடிக்கும் குக்கர் கிடையாது. சேவல் வளர்ப்பதில்லை. போன் வைத்திருந்த இரண்டொருவரும் வாசலுக்கு வெளியிலேயே அதன் வாயை அடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

மீறினால்?

காசிராஜனின் தம்பி ஒரு தீபாவளிக் காலையில் யாரோ கொளுத்திய அணுகுண்டுச் சத்தத்தில் விழுந்தான். எழவில்லை. அவருடைய அத்தை ஓர் ஐப்பசி இடியில் போனாள். எல்லாம் இளம் வயது. எல்லாம் ஒரு நொடி.

"சாமி கூப்பிட்டுட்டாவ" என்று சொல்லிவிட்டு மறுநாள் காட்டு வேலைக்குப் போய்விடும் குடும்பம் அது. அழுது ஊரைக் கூட்டினால் கேள்வி வரும். கேள்வி வந்தால் பெண் கொடுக்க யோசிப்பான்... எடுக்கவும் யோசிப்பான்.

செல்விக்கும் அதையேதான் சொன்னார்கள். சாமி கூப்பிட்டுட்டாவ.

காரியத்தையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்தவன் கருத்தப்பாண்டி. காசிராஜனின் தங்கை மகன். வள்ளித்தாயின் கணவன். சொந்த ஊர் புதூர்ப் பக்கம். ஏழாம் மாதம் என்று வள்ளித்தாயைப் பிறந்த வீட்டில் விட வந்தவன், மைத்துனி கல்யாணத்துக்காகத் தங்கியிருந்தான்.

"மாமா, வெயிலுக்கு முன்னாடி எடுத்துருவோம்." அவன் பாடை கட்ட மூங்கிலை இறக்கினான். "ஆஸ்பத்திரி, போலீஸுன்னு போனா பிள்ளைய அறுத்துப் பாப்பாவ. நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். நம்ம மானம் என்னத்துக்காவும்?"

மானம்!

அந்த ஒரு சொல் போதும் காசிராஜனுக்கு. மதியத்துக்குள் எரித்தாகிவிட்டது.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது மணிராஜ் பக்கத்தில் நடந்தான். செல்விக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. புதியம்புத்தூரில் தையல் யூனிட் வைத்திருப்பவன்.

"மாமா... அவகூட ஆசையாப் பேசக்கூட முடியல. ஒரு போன் வாங்கித் தாரேன்னு கெஞ்சினேன். எங்க வீட்டுக்கு ஆகாதுன்னுட்டா."

காசிராஜன் நடையை நிறுத்தவில்லை.

இடுப்பில் செருகியிருந்த துண்டை மட்டும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

போனை இவன் கொடுக்கவில்லை. அப்படியானால்... வேறு எவன்?

செத்த மகளுக்கு ஒரு பெயர் இருந்தது. சுத்தமான பெயர். அதன் மேல் ஒரு துளி அழுக்கு விழ விடமாட்டார். அதே சமயம், கொடுத்த பயல் யாரென்று தெரியாமல் அந்தச் சனியனைத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை.

பின்கட்டில் பருத்தி அறை. அந்த வருஷத்து வெள்ளாமை கூரையைத் தொடும் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. தோள் வரை கையை விட்டு, அந்த வெள்ளை மலைக்குள் போனைப் புதைத்தார்.

புதைத்தது அடங்கிக் கிடக்கும் என்று நினைத்தார்.

* * *

மறுநாள்... அதே வேளை.

வள்ளித்தாய் திடுக்கிட்டுக் கண் விழித்தாள்.

பாட்டு!

தூரத்தில்... சுவருக்குள்ளிருந்து வருவது போல... பஞ்சு அடைத்த வாயால் யாரோ பாடுவது போல... கிணுகிணு... கிணுகிணு...

"அப்பா... கேக்குதா?"

"காத்து."

"செல்வி பாடுதாப்பா. என்னையும் கூப்பிடுதா."

"படு தாயி. காத்துதான்."

கருத்தப்பாண்டி எழுந்து வாசலில் நின்றான். முகம் வெளுத்திருந்தது. முன்கட்டு, பின்கட்டு, அடுக்களை என்று பார்த்துவிட்டு வந்தான்.

"ஒண்ணும் இல்ல மாமா" என்றான். நெற்றியில் வியர்வை.

மூன்றாம் நாளும் அது பாடியது.

பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவிட்டாள். தெருக் குழாயடியில் சொல்லிவிட்டாள். கன்னி கழியாமல் போன பெண் விடிகாலையில் அழுகிறாள் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தி சாய்ந்தால் ஓடைக்கரைப் பக்கம் ஆள் நடமாட்டம் நின்றது.

காசிராஜனுக்கு மட்டும் தெரியும், அது ஆவி இல்லை என்று.

ஆனாலும் அந்தப் பாட்டு தொடங்கும்போதெல்லாம், செல்வி நெஞ்சில் கை வைத்து "அப்பா..." என்று சொன்னது அவர் காதில் விழுந்தது. தெரிந்த மனிதருக்குத்தான் அது அதிக ஆவியாக இருந்தது.

* * *

கோவில்பட்டி. பஸ் நிலையத்துச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

காரில் போய்க் கொண்டிருந்த டாக்டர் ஆசிபா பிரேக்கை மிதித்தாள்!

இருதய மருத்துவர். கோவில்பட்டியில் மூன்று தலைமுறையாகக் கருப்பட்டி வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். போஸ்டரில் சிரித்த முகத்தைப் போன வாரம் தன் மேசைக்கு எதிரில் பார்த்திருந்தாள். காரைத் திருப்பி நேராகக் காவல் நிலையத்துக்கு விட்டாள்.

இன்ஸ்பெக்டர் சத்தியபாமா நாற்காலியைக் காட்டினாள். ஏட்டு இசக்கி பக்கத்தில் நின்றார்.

"மேடம், இந்தப் பொண்ணு சாமி கூப்பிட்டுப் போகல. ஈசிஜியில தெளிவா இருந்துச்சு. நெஞ்சு ஒரு தடவை துடிச்சு முடிச்சதும், அடுத்த துடிப்புக்குத் தயாராகணும். இவளுக்கு அந்தத் தயாராகுத நேரம் ரொம்ப நீளம். அந்த நேரத்துல திடீர்னு ஒரு சத்தம் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டா, தாளம் தப்பிரும். நெஞ்சு துடிக்காது... நடுங்கும். அவ்வளவுதான்."

"எந்தச் சத்தம்?"

"தூங்குத ஆளு காதுக்கிட்ட அலாரம் அடிச்சாலே போதும். அதை அவகிட்டயே சொல்லி, வேளா வேளைக்கு மாத்திரை எழுதிக் குடுத்தேன். சாப்பிட்டிருந்தா பெரும்பாலும் தப்பியிருப்பா."

"எப்படி வருது டாக்டர் இது?"

"பரம்பரை. அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருந்தாப் போதும். பிறக்குத ஒவ்வொரு பிள்ளைக்கும் வர்றதுக்குப் பாதிக்குப் பாதி. காசு சுண்டிப் போடுத மாதிரி. ஆணு, பொண்ணுன்னு பாக்காது. சில பேரு வச்சுக்கிட்டே கிழவனாகிற வரைக்கும் இருப்பாங்க. தனக்கு ஒண்ணும் ஆகாது. பிள்ளைக்குக் குடுத்துட்டுப் போயிருவாங்க."

இசக்கி தொண்டையைச் செருமினார். "எங்க வீட்டுல அவ போடுத சத்தத்துக்கு நான் இன்னும் உசுரோட இருக்கேன். எனக்கு அது இல்லன்னு எழுதிக் குடுத்துரலாம் டாக்டர்."

சத்தியபாமா சிரிக்கவில்லை. "சத்தம்தான் கொல்லும்னு யார் யாருக்குத் தெரியும்?"

"அப்பாவுக்குத் தெரியும், நான் பேசினேன். கட்டிக்கிடப் போற மணிராஜுக்குத் தெரியும், அவளே சொல்லச் சொன்னா. அப்புறம் கூட வந்த அக்கா வீட்டுக்காரர். அவரையும் ஒரு ஈசிஜி எடுத்துக்கிடுங்கன்னேன். சிரிச்சாரு. 'நான் மருமகன் டாக்டரம்மா. அவிய சாமி வேற, எங்க சாமி வேற. எங்க கோயில்ல பெரிய மணியே தொங்குது'ன்னாரு."

"உடம்பை எரிச்சாச்சு. காயம் கிடையாது, விஷம் கிடையாது." சத்தியபாமா தொப்பியை எடுத்தாள். "தெரிஞ்ச ஆளு மூணு பேரு. ஏட்டையா, அந்த ஊருல ஏதோ பாட்டுக் கேக்குதுன்னு சொன்னீங்களே..."

"ஆமா மேடம். பேய் பாடுதாம். கிணுகிணுன்னு."

"பேய்க்கு எதுக்கு ரிங்டோன்?"

* * *

ஜீப் வாசலில் நின்றது. காசிராஜன் எழுந்து நின்று கும்பிட்டார். நாற்காலி போடச் சொன்னார். மோர் கொடுக்கச் சொன்னார். மரியாதையில் குறை வைக்கவில்லை. பதிலில் மட்டும் குறை வைத்தார்.

"எங்க வீட்ல போன் சத்தமே கிடையாதுங்க."

"பக்கத்து வீட்டம்மா கேட்டிருக்காங்க ஐயா."

"அவளுக்குக் காது கேக்காது."

கருத்தப்பாண்டி முன்னால் வந்தான். "மேடம், துக்க வீடு இது. எங்க மாமா மொகத்தப் பாத்து இந்த ஊருல ஒருத்தன் கேள்வி கேட்டது கிடையாது. நீங்க பாட்டுக்கு..."

"நீங்க யாரு?"

"மருமகன்."

டாக்டர் ஆசிபா வள்ளித்தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையோடு கொண்டு வந்திருந்த சின்ன ஈசிஜி மெஷினைத் திறந்தாள்.

"வேண்டாம்" என்றார் காசிராஜன்.

"ஐயா, இவங்களும் உங்க மகதானே. வயித்துல பிள்ளை வேற..."

"வேண்டாம்னா வேண்டாம் டாக்டரம்மா. எம் மவளுக்கு நோய் இருக்குன்னு ஒரு காகிதம் வெளிய போகக் கூடாது."

"மாமா சொல்லுதது நியாயம்தான்" என்றான் கருத்தப்பாண்டி.

வள்ளித்தாய் அப்பாவைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். அப்புறம் பேசாமல் சேலையைத் தளர்த்திக் கொண்டு பாயில் படுத்தாள்.

"எடுங்க டாக்டர். நான் தங்கச்சி கூடப் போவத் தயாரா இல்ல."

அறைக்கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் ஆசிபா வெளியே வந்தாள். சத்தியபாமாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

இருக்கிறது.

உள்ளே போன சத்தியபாமா மெதுவாகக் கேட்டாள். "வீட்ல செல்விக்கு யாரோடயாவது மனஸ்தாபம் உண்டாம்மா?"

"சண்டையெல்லாம் இல்ல. கரிசல் நெலம் எங்க ரெண்டு பேரு பேருலயும் இருக்கு. சோலார் கம்பெனிக்காரவிய கேட்டாவ. எங்க வீட்டுக்காரவிய சரின்னு சொல்லிட்டாவ. செல்விதான், பருத்தி வெளையுத காட்டுல கண்ணாடி நட விடமாட்டேன்னு கையெழுத்துப் போடல. கம்பெனிக்காரனுக்கு மொத்தமா வேணுமாம்."

"இப்ப?"

"இனி மாட்டேன்னு சொல்ல ஆளு இல்ல." வள்ளித்தாய் வாசல் பக்கம் பார்த்துக் கொண்டாள்.

ஆனால் ஊகம் சாட்சி ஆகாது. போன் வேண்டும்.

* * *

ஓடைக்கரைக் கோயில். சத்தியபாமா காசிராஜனைத் தனியாக அழைத்துக் கொண்டு போயிருந்தாள். மணி தொங்க வேண்டிய இடத்தில் வெறும் கல்வளையம்.

"செல்வி மாத்திரை எங்க ஐயா?"

"எம் பீரோவுல இருக்கு."

"ஏன்?"

"மாப்பிள வீட்டுல பாத்தா கல்யாணம் நின்னு போவும். தாலி ஏறட்டும், அப்புறம் சாப்பிடுன்னு வாங்கி வச்சேன்."

சொன்னபோதும் அவர் தலை குனியவில்லை. ஆனால் ஒரு கை கல்தூணைப் பிடித்துக் கொண்டது.

"சரி. நான் ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. உங்க மக தலையணைக்கு அடியில ஒரு போன் இருந்துச்சு. அதை நீங்க பாத்தீங்க. எவனோ ஒருத்தன் வாங்கிக் குடுத்திருக்கான், வெளிய தெரிஞ்சா செத்த பிள்ளைக்குக் கெட்ட பேருன்னு ஒளிச்சிட்டீங்க."

காசிராஜன் ஓடைப் பக்கம் திரும்பிக் கொண்டார்.

"அவ கெட்டுப் போகல ஐயா. அந்தப் போனை அவ கண்ணால பாத்ததே கிடையாது. அலாரம் வச்சு, அவ தூங்கின பிறகு செருகியிருக்கான். அவன் அந்தப் போனை மட்டும் நம்பி இதைச் செய்யல. உங்களை நம்பிச் செஞ்சிருக்கான். போனைப் பாத்ததும் காசிராஜன் என்ன செய்வாருன்னு அவனுக்கு நல்லாத் தெரியும். கொலைகாரன் ஒளிக்க வேண்டியதை அவரே ஒளிச்சிருவாரு. பிரேதத்தையும் அவரே எரிச்சிருவாரு. உங்க மானம்தான் அவனுக்கு ஆயுதம்."

சத்தியபாமா ஓர் அடி நெருங்கி வந்தாள்.

"மூத்தவளுக்கும் அதே நெஞ்சு. இன்னும் ரெண்டு மாசத்துல பிரசவம். நாளைக்கு அவ தலையணைக்கு அடியிலயும் ஒண்ணு பாடினா... அதையும் ஒளிப்பீங்களா?"

காசிராஜன் தூணிலிருந்து கையை எடுத்தார்.

"பருத்திக்குள்ள கெடக்கு" என்றார்.

"அங்கனதான் தெனமும் பாடுதா?"

"பாடுது. எனக்கு அத நிறுத்தத் தெரியல. அணைச்சுத்தான் வச்சேன்."

"இந்தப் பட்டன் போனை அணைச்சு வச்சாலும் அலாரம் அடிக்கும் ஐயா."

"எம் மவ நல்ல பிள்ள." முதல் தடவையாக அவர் குரல் உடைந்தது. "நாந்தான் அவள ஒரு நிமிஷம் தப்பா நெனச்சிட்டேன். இனி என்ன செய்யணும்னு சொல்லுங்க."

* * *

அன்று சாயங்காலம் துக்க வீட்டு முற்றத்தில் உறவெல்லாம் கூடியிருந்தது. மணிராஜும் இருந்தான். காசிராஜன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நாளைக்குக் காலையில பருத்தி எடுக்க லாரி வருது. வீட்டுல வச்சிருக்க மனசு வரல. மொத்தத்தையும் அள்ளிட்டுப் போகச் சொல்லிட்டேன்."

மணிராஜ் தலையாட்டினான்.

"நல்லது மாமா" என்றான் கருத்தப்பாண்டி. "நானே கூட நின்னு ஏத்திவிடுதேன். நீங்க அலைய வேண்டாம்."

ஆள் இல்லாத நேரம் பார்த்து, அந்தப் போன் அதற்கு முன்பே சத்தியபாமா கையில் ஒரு முறை போய் வந்திருந்தது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தாள். அப்புறம் ஒரு காரியம் செய்தாள். மறுபடியும் பருத்தியின் ஓரமாக, கை விட்டால் அகப்படும் ஆழத்தில் வைத்துவிட்டாள்.

என்ன காரியம்?

இசக்கிக்குத் தெரியும். டாக்டருக்கும் காசிராஜனுக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

"ஐயா, உங்க மகளை இன்னிக்கு ராத்திரி இந்த வீட்டுல வைக்க வேண்டாம்" என்று ஆசிபா சொல்லியிருந்தாள். உறவினர் வீட்டில் படுக்கப் போவதாகச் சொல்லி வள்ளித்தாய் கிளம்பிப் போனாள். போய்ச் சேர்ந்த இடம், ஓடைக்கு அப்பால் விளக்கணைத்து நின்ற ஆம்புலன்ஸ்.

* * *

கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை.

பருத்தி அறைக் கதவு ஓசைப்படாமல் திறந்தது.

ஒரு உருவம் உள்ளே வந்தது. பாட்டு வந்தது இந்தக் குவியலிலிருந்துதான் என்றும், அலாரம் அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது என்றும் அந்த உருவத்துக்குத் தெரியும். அதை வைத்ததே அந்த உருவம்தானே! பயமில்லாமல் குவியலுக்குள் கையை விட்டுத் துழாவியது. அள்ளிப் போட்டது. மறுபடி துழாவியது. தும்மலை அடக்கியது. தோள் வரை பருத்திக்குள் புகுந்தது.

விரலில் ஏதோ தட்டியது.

வெளியே இழுத்தான். முகத்துக்கு நேரே வைத்து ஊதி, ஒட்டியிருந்த பஞ்சை அகற்றினான்.

அப்போது...

போன் ஒலித்தது!

அலாரம் இல்லை. அழைப்பு! திரையில் ஒரு நம்பர் மின்னி மின்னி... யாரோ அவனைக் கூப்பிடுகிறார்கள்... சிம் கார்டே இல்லாத போனில்... செத்தவள் போனில்...

"செல்வி..." என்றான் கருத்தப்பாண்டி.

கண்கள் அகலத் திறந்தன. ஒரு கை நெஞ்சுக்குப் போனது.

பருத்திமேல் பொத்தென்று சரிந்தான்.

டார்ச் வெளிச்சம் பாய்ந்தது. கதவுக்கு வெளியே போனைக் காதில் வைத்தபடி நின்ற சத்தியபாமா உள்ளே ஓடி வந்தாள்.

"ஏலே, எந்திரிலே. நடிக்காத" என்று உலுக்கினார் இசக்கி. முகத்தைப் பார்த்தார். கையை விட்டார். "மேடம்... மூச்சு இல்ல."

"டாக்டர்!"

ஆசிபா ஓடி வந்தாள். மண்டியிட்டாள். நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தத் தொடங்கினாள். ஆம்புலன்ஸ் ஓடையைத் தாண்டி வந்தது. வள்ளித்தாய்க்காகக் கொண்டு வந்திருந்த ஷாக் மெஷினை அவள் புருஷனுக்கு மாட்டினார்கள்.

ஒரு அதிர்ச்சி. உடம்பு துள்ளி விழுந்தது.

இல்லை.

இன்னொன்று.

கருத்தப்பாண்டி நீளமாக மூச்சை இழுத்தான். வெகுநேரம் கழித்துக் கண்களைத் திறந்தான். எதிரே யார் நிற்கிறார்கள் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"அதுல... நான் சிம்மே போடலியே... எப்படி அடிச்சுது..."

இசக்கி பக்கத்திலிருந்த ஆம்புலன்ஸ் டிரைவரைப் பார்த்தார். "கேட்டீரா? நல்லாக் கேட்டுக்கிடும். கோர்ட்டுல சொல்லணும்."

"நேத்து நான் போட்டேன் சிம்மு" என்றாள் சத்தியபாமா. "எடுத்தவன் கையில அடிக்கட்டும்னுதான் நெனச்சேன். நெஞ்சுல அடிக்கும்னு நெனக்கல."

ஆசிபா ஈசிஜி காகிதத்தை இழுத்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதே நீளம். செல்வியிடம் பார்த்தது. நேற்று வள்ளித்தாயிடம் பார்த்தது.

"இது எப்படி... இவர் மருமகன்தானே? வேற வீட்டு ஆளுன்னு சொன்னாரே?" திரும்பினாள். "ஐயா, இவருக்கு அம்மா யாரு?"

காசிராஜன் வாசற்படியில் நின்றிருந்தார்.

"எந் தங்கச்சி."

"உயிரோட இருக்காங்களா?"

"இவன் கைப்பிள்ளையா இருக்கும்போதே போயிட்டா. புதூர்ல, அவிய வீட்டுக் கொடையில வேட்டுச் சத்தம் கேட்டு விழுந்தா. வெயிலு தாக்கிட்டுன்னு நாந்தான் சொல்லிட்டு வந்தேன். எங்க வீட்டுக் கொறன்னு சம்பந்தக்காரன் சொல்லிரக் கூடாதுல்லா."

ஸ்ட்ரெச்சரில் கிடந்த கருத்தப்பாண்டி தலையைத் திருப்பினான். கட்டிக் கொடுத்த பெண் சாமியை மாற்றிக் கும்பிடலாம். ரத்தத்தை மாற்ற முடியாது. வயிற்றில் சுமந்தவளிடமிருந்து அது அவனுக்கு வந்து சேர்ந்து, இத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் படுத்துக் கிடந்தது. தாய்மாமன் சொன்ன பொய் அவனை அவ்வளவு நாள் தைரியமாக வாழ வைத்தது.

சத்தியபாமா அவர் பக்கத்தில் வந்தாள். "இதை நேத்தே சொல்லியிருக்கலாமே ஐயா?"

"பருத்திக்குள்ள யாரு கைய விடுவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

முதுகு நேராகத்தான் இருந்தது. அவர் கண்களை அவளால் படிக்க முடியவில்லை.

"அப்ப எம் பிள்ளைக்கு?"

கேட்டவள் வள்ளித்தாய். ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக் கொண்டு இறங்கி நின்றிருந்தாள்.

ஆசிபா பூசி மெழுகவில்லை. "ரெண்டு பக்கமும் இருக்கு. ஒரு காசுக்குப் பதிலா ரெண்டு காசு. தப்புறதுக்கு வாய்ப்புக் கம்மிதான். பிறந்த அன்னிக்கே ஈசிஜி எடுப்போம். இருந்தா அன்னிக்கே மருந்து. நீங்க இப்பவே ஆரம்பிக்கணும். பிரசவத்துக்குப் பிறகு வர்ற மாசங்கள்ல ரொம்பக் கவனமா இருக்கணும். மருந்துக்குக் கட்டுப்படுத நோய்தாம்மா இது. ஒளிச்சு வச்சாத்தான் கொல்லும்."

வெளியே தெரியக் கூடாதென்றுதான் சொந்தத்துக்குள்ளேயே கட்டி வைத்தார் காசிராஜன். இரகசியம் வீட்டைத் தாண்டவில்லை. இரண்டு மடங்காகி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து கொண்டது.

அவர் உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. மாத்திரை அட்டைகளோடு வந்தார். மூத்த மகளின் கையில் வைத்தார்.

"டாக்டரம்மா, இவ சாப்பிடலாமான்னு பாத்துச் சொல்லுங்க. அப்புறம்... எனக்கும் அந்தக் காகிதத்த எடுங்க."

"உங்களுக்கா?"

"எங்க வகையறா மொத்தமும் ஞாயித்துக்கிழம கோயிலுக்கு வரும். கட்டிக் குடுத்த பொண்ணுங்க, அவிய பிள்ளைங்க, ஒருத்தர் விடாம வரச் சொல்லுதேன். நீங்க மெஷினோட வாங்க. மொதல் ஆளா எனக்கு எடுத்தாத்தான் மத்தவன் வருவான்."

அப்போது பருத்தி அறைக்குள் கிணுகிணுவென்று ஒலித்தது. அலாரம். அதன் வேளை வந்துவிட்டது.

வள்ளித்தாய் நெஞ்சைப் பிடித்தாள். ஆசிபா அவளைப் பிடித்தாள். இசக்கி பாய்ந்து போய்ப் போனை எடுத்தார். பேட்டரியை உருவினார்.

அமைதி.

அந்த வீட்டுக்குப் பழக்கமான அமைதிதான். ஆனால் இப்போது யாரோ அதிலிருந்து எழுந்து போய்விட்டது போல வெறிச்சென்று இருந்தது. வள்ளித்தாய் பருத்தி அறையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு சத்தம் போட்டு அழுதாள். அந்த வீட்டில் முதல் தடவையாக ஒருத்தி வாய்விட்டு அழுதாள். காசிராஜன் தடுக்கவில்லை.

கருத்தப்பாண்டியின் கையில் விலங்கு ஏறியது. ஆம்புலன்ஸில் அவன் பக்கத்தில் இசக்கி ஏறி உட்கார்ந்தார்.

"ஏட்டையா..." அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான் பொழைச்சிருவேனா?"

"டாக்டரம்மா எழுதிக் குடுத்த மாத்திரைய மட்டும் ஒரு வேளை விட்டுராதீங்க அண்ணாச்சி." இசக்கி அவன் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார். "ஜெயில்ல எந்திரிக்கிறதுக்கு மணி, கஞ்சிக்கு மணி, தலைய எண்ணுறதுக்கு மணி, அடைக்கிறதுக்கு மணி... எல்லாம் உங்க ஊருக் கோயில் மணி மாதிரி பெரிய மணி!"